படத்தின் பின்புறம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஓவியம் தீட்ட விரலுக்குப் பயிற்சி வேண்டும். பாட்டுப் பாடக் குரலுக்குப் பயிற்சி வேண்டும். புகைப்படம் எடுக்க மட்டும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ஆம் ஆண்டில் அவர் ‘கோடக்’ என்னும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்துவது ஒன்றே வாங்குபவரின் வேலை, கழுவுவதும் அச்சிடுவதும் நிறுவனத்தின் வேலை என்று விளம்பரமும் செய்தார். 1900-இல் ஒரு டாலர் விலையில் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் கேமரா வந்தது. அதுவரை சீமான்களிடமும் தொழில் வல்லாரிடமும் இருந்த கலை, பள்ளிச் சிறுவர் கைக்கும் எட்டியது. இன்றோ கைபேசி வடிவில் அது எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

நானும் அப்படிப்பட்ட பொழுதுபோக்குப் படக்காரன்தான். சென்ற கல்லூரி நாள் விழாவின்போது எங்கள் துறை வராந்தாவில் எட்டுப் படங்களை ஒட்டி வைத்திருந்தேன். பார்க்க வந்த நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் பல கேள்விகள் கேட்டனர். “நீர் ஏன் பஞ்சு போலத் தெரிகிறது?”, “இந்தப் பாட்டி படம் ஏன் பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கிறது?”, “மூட்டையில் என்ன?” என்பன அவற்றுட் சில. நின்று விடை சொல்ல அன்று நேரம் இல்லை. அவ்விடைகளை இங்கே எழுத முற்படுகிறேன்.

கோமுகி அணை

முதற்படம் கோமுகி அணை. கச்சிராயபாளையத்தை அடுத்துக் கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த இவ்வணை 1965-இல் கட்டப்பட்டது. இதன் முழு நீர்மட்டம் 46 அடி. மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, மணிமுத்தாற்றோடு கூடி, பின் வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது.

அணை நிரம்பி மதகு திறந்த ஒரு மழை நாளில் எடுத்த படம் அது. கேமராவின் கதவு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடினால், தெறிக்கும் துளிகள் ஒவ்வொன்றும் கண்ணாடி மணி போல அந்தரத்தில் நிற்கும். அரை நொடி திறந்திருந்தால், அந்த அரை நொடியில் நீர் ஓடிய வழி முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பஞ்சாகத் தெரியும். ஆனால் அரை நொடி கை அசையாமல் இருக்காது. நான் கேமராவைக் கைப்பிடிச் சுவரின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். பஞ்சு நீரின் இரகசியம் இவ்வளவே.

என் பக்கத்தில் குடை பிடித்து நின்ற விவசாயி ஒருவர் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா நிக்குற தண்ணிதான் எனக்கு அழகு. இது கடலுக்குப் போற தண்ணி” என்றார். அவர் நீரைப் பார்த்தபோது நடவைக் கணக்கிட்டார். நான் நொடியைக் கணக்கிட்டேன். அன்றுமுதல், ஓர் இடத்தைப் படமெடுக்குமுன் அவ்விடத்தை நம்பிப் பிழைப்பவர் ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது என்று வைத்துக்கொண்டேன்.

உளியும் நிழலும்

இரண்டாவது படம் ஒரு மரச் சிற்பியின் கைகள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். வாகை, தேக்கு முதலிய மரங்களில் கடவுளர் உருவங்களையும் கதவு, நிலைகளையும் இங்குள்ள சிற்பிகள் செதுக்குகின்றனர்.

பட்டறைக்குள் இருட்டாக இருந்ததால் முதலில் பிளாஷ் போட்டு எடுத்தேன். முருகன் உருவம் தட்டையாக, காலண்டர் படம் போல வந்தது. சிற்பி அதைப் பார்த்துவிட்டு, “நேரா வெளிச்சம் அடிச்சா வேலை தெரியாது” என்று சொல்லி, கட்டையைச் சன்னல் பக்கம் குறுக்காகத் திருப்பி வைத்தார். மடிப்புக்கு மடிப்பு நிழல் விழுந்தது. உருவம் எழுந்து நின்றது. உளி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அவர் நிழலின் கருமையைக் கொண்டே அளப்பாராம். பக்க வெளிச்சமே வடிவத்தைக் காட்டும் என்று புகைப்பட நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை, அவர் கட்டையைத் திருப்பிய அந்த ஒரு செய்கையில் விளக்கிவிட்டார். நண்பர்களே, காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் எடுத்த படங்கள் நன்றாக வருவதும் இதனால்தான். சூரியன் தாழ்ந்து பக்கத்திலிருந்து வெளிச்சம் தரும் நேரம் அது.

ஒரே குன்று, இரண்டு படங்கள்

மூன்றாவதும் நான்காவதும் திருக்கோவிலூர்க் கபிலர் குன்று. பாரி மாய்ந்த பின் அவன் மகளிர்க்குப் புகலிடம் தேடிய கபிலர், தென்பெண்ணையாற்றின் நடுவே உள்ள இப்பாறையில் உயிர் நீத்தார் என்பது மரபு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்றும் இச்செய்தியைக் குறிக்கிறது.

முதற்படம் 2024 கோடையில் எடுத்தது. ஆறு முழுவதும் மணல். பாறை நிழலில் இரண்டு மாடுகள். அடுத்த படம் அவ்வாண்டு டிசம்பரில் எடுத்தது. ‘பெஞ்சல்’ புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் பெருஞ்சேதம் அடைந்தன. வெள்ளம் வடியத் தொடங்கிய பின் அதே கரையில், அதே இடத்தில் நின்று இரண்டாவது படத்தை எடுத்தேன்.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதாரணப் படங்கள். அருகருகே வைத்தால்தான், வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, கரை எங்கே அறுந்தது, எந்த மரம் போயிற்று என்பன விளங்கும். மலைகளில் பனிப்பாறை சுருங்குவதை ஆராயும் அறிஞர்களும் இம்முறையையே கையாளுகின்றனர். பழைய படம் எடுத்த அதே இடத்தைத் தேடிச் சென்று மீண்டும் எடுக்கின்றனர். விலையுயர்ந்த கருவி இதற்கு வேண்டியதில்லை. நின்ற இடத்தையும் எடுத்த நாளையும் குறித்து வைத்தால் போதும்.

மூட்டையில் என்ன?

ஐந்தாவது படத்தில் வெள்ளிமலைச் சாலையில் மூடுபனிக்குள் இருவர் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். காலடியில் இரண்டு மூட்டைகள். முதலில் இதன் நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு வெண்மை, கருமை என்ற அறிவு கிடையாது. எதிரே உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டு அது வெளிச்சத்தை அளக்கும். ஆகவே வெண்பனியைத் தானாக எடுக்கவிட்டால் அழுக்குத் துணி போலப் பதியும். நாமாக ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால்தான் பனி பனியாகத் தெரியும்.

இனி மூட்டைக்கு வருவோம். இப்படத்தின் முன் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, “கல்வராயன் மலையா? அப்படியானால் மூட்டையில் சாராயமா?” என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தனர். மூட்டையில் இருந்தது கடுக்காய். தோல் பதனிடவும், சாயத் தொழிலுக்கும், சித்த மருந்துக்கும் பயன்படும் இக்காயை மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்கி உலர்த்திக் கீழே அனுப்புகின்றனர். சாமை, தினை, மரவள்ளி, தேன், புளி முதலியனவும் அம்மலையின் விளைபொருள்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் பிறகு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டனர். அந்த வாரம் நாடெங்குமிருந்து கேமராக்கள் நம் ஊருக்கு வந்தன. நாம் அன்றாடம் நடக்கும் தெருக்களை நாட்டிலுள்ளோர் பார்த்தது அப்போதுதான். துயரத்தைக் காட்டியது தவறன்று. காட்டாமல் இருந்திருந்தால் கேட்பார் இருந்திருக்க மாட்டார். அதன் பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், வருவாய்க்கு வழி என்று பல பேசப்பட்டன. ஆனால் வந்த கேமராக்கள் திரும்பிய பின் வேறு படம் எடுக்க யாரும் வரவில்லை. ஆகையால் இம்மலையின் பெயரைச் சொன்னதும் பலர் மனத்தில் எழுவது அந்த வாரத்துப் படமே. கடுக்காய் மூட்டையும் கண்ணுக்குச் சாராய மூட்டையாகத் தெரிகிறது.

செய்தியாளர் ஓர் ஊருக்கு அது செய்தியாகும் நாளில் வருகிறார். அவ்வூரில் வாழ்பவன் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களையும் பார்க்கிறான். பொழுதுபோக்குப் படக்காரனின் வேலை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டி கேட்ட படம்

ஆறாவது படம்தான் மிகுதியான கேள்விக்கு உள்ளானது. நல்ல சேலை கட்டிய ஒரு மூதாட்டி சுவர் முன் விறைப்பாக நின்று நேரே பார்க்கிறார். நண்பகல் வெயில், கண்ணுக்குக் கீழே நிழல். கலை நோக்கில் குறைபாடுள்ள படம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக 2024 தை மாதம் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அங்கே இப்பாட்டி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உமி காலை வெயிலில் பொன்னாகப் பறந்தது. எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுத்துக்க சாமி. வர்றவங்க எல்லாம் எடுத்துக்கினு போறாங்க. ஒருத்தரும் திருப்பிக் கொண்டாந்து காட்டுனதில்ல” என்றார்.

இச்சொல்லுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகள் எனப்படும் நம் மலைவாழ் மக்களைப் பற்றியும் அதில் விரிவாக எழுதியுள்ளார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதை இன்றும் அவர்களிடையே வழங்குகிறது. தர்ஸ்டன் மண்டையை அளக்கும் கருவியோடும் கேமராவோடும் சென்றவர். அவருடைய தொகுதிகளில் உள்ள படங்களில் மனிதருக்குப் பெயர் இருப்பது அரிது. இன்னின்ன குடியைச் சேர்ந்த ஆண், பெண் என்ற குறிப்பே பெரும்பாலும் இருக்கும். அவை ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. ஆனால் படத்தில் நின்றவரின் வீட்டுக்கு அவை போய்ச் சேரவில்லை.

அடுத்த மாதம் நான் படத்தை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். பாட்டி அதைக் கையில் வாங்கி வீட்டைக் கண்டுகொண்டார், ஆட்டைக் கண்டுகொண்டார், பின்னால் நின்ற பேத்தியைக் கண்டுகொண்டார். தம்மை மட்டும் சற்று நேரம் கழித்தே கண்டுகொண்டு, “எங்க ஆயாவாட்டம் இருக்குது” என்று சிரித்தார். பிறகு, “இதுல மொறத்தோட நிக்கிறேன். வேலை செய்யற படம் வேணாம். நேரா ஒண்ணு எடுத்துக் குடு. பின்னாடி வைக்கிறதுக்கு ஆவும்” என்றார், உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். “பின்னாடி” என்று அவர் சொன்னது எதை என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

மறு ஆண்டு நான் அவ்வூருக்குப் போனபோது பாட்டி இல்லை. அந்த நேர்ப்படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் பொட்டும் பூவுமாகச் சுவரில் இருந்தது. அவ்வீட்டில் அவருக்கென்று இருந்த படம் அது ஒன்றுதான். கல்லூரியில் எந்தப் படத்தை வைக்கலாம் என்று அவர் பேரனைக் கேட்டேன். “ஆயா கேட்டு எடுத்ததையே வைங்க” என்றார். பொன் உமி பறக்கும் படம் என்னிடம் இருக்கிறது. நண்பர்கள் பார்த்தது பாட்டி விரும்பிய படம்.

கிணறும் சட்டமும்

ஏழாவது படம் ஒரு பழங்கிணறு. கல் அடுக்கிய சுவர், பக்கத்தில் புளியமரம். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. மலையூரில் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டதால் எடுத்தேன்.

கல்வராயன் மலைப் பகுதி நெடுங்காலம் மூன்று சாகிர்தார்களின் கீழ் இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. காட்டு நிலத்தில் பரம்பரையாக வாழ்ந்தும் பட்டா இல்லாதவர் அங்கே பலர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டுவரும் பழங்குடியினர் அந்நிலத்துக்கு உரிமை கோர வழி செய்கிறது. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற பழைய அமைப்புகளையும், ஊர்ப் பெரியோர் வாக்குமூலத்தையும் சான்றாகக் காட்டலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. தம் பாட்டனார் வெட்டிய கிணற்றின் படத்தை மனுவோடு இணைக்க அப்பெரியவர் விரும்பினார்.

படம் ஒன்றினால் மட்டும் உரிமை வந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் எடுத்த நாள், இடம் ஆகிய குறிப்புகளோடு கூடிய படம், கிராம சபையில் பேச்சைத் தொடங்க உதவும். இங்கே ஒரு நுட்பத்தை நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் நாளும் நேரமும் பதிவாகின்றன. இருப்பிட வசதியைத் திறந்து வைத்திருந்தால் இடமும் பதிவாகும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இக்குறிப்புகள் நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அவை அப்படியே போகும். மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து வைப்பதும் இன்றியமையாதது.

பெரியப்பாவின் பன்னிரண்டு

எட்டாவது படம் நான் எடுத்ததன்று. எங்கள் பெரியப்பாவிடம் ‘ஆக்பா கிளிக்’ என்னும் கேமரா இருந்தது. பரோடாவில் தயாராகி, ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் கையிலாவது இருந்த கேமரா அது. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படங்கள் விழும். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிமும் அக்காலத்தில் கடைகளில் கிடைத்தது. அவ்வாலை இன்று இல்லை.

பழைய படங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில், முழு உருவமாக நிற்பது ஏன் என்று நீங்கள் எண்ணியதுண்டா? அக்கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் வசதி இல்லை. அருகில் நின்றால் முகம் மங்கும். ஆதலால் பத்தடி தள்ளி நிற்கவைத்தனர். வெளிச்சம் நிறைய வேண்டும். ஆதலால் எடுப்பவர் சூரியனை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டார். வெயில் முழுவதும் நின்றவர் கண்ணில் விழுந்தது. அவர்கள் கோபமாக இருந்தார்கள் என்று பொருளன்று.

பெரியப்பா மறைந்த பின் பெட்டியில் இருந்த பன்னிரண்டு படங்கள் எனக்கு வந்தன. வாய்க்கால் கரையில் கரும்பு வெட்டும் ஆட்கள் ஒன்பது பேர் நிற்கும் படத்தை நான் தேர்ந்தெடுத்தேன். பின்புறம் ‘1978’ என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள மூன்று ஊர்களுக்கு நடந்தேன். தேநீர்க் கடையில் ஒருவர் இருவரைக் காட்டினார். நூறு நாள் வேலையில் இருந்த ஓர் அம்மாள் மூன்று பேரைக் காட்டினார். மூன்றாம் ஊரில் ஒருவர் இடப்புறம் கடைசியில் நிற்பவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். அது அவருடைய தந்தை. தாம் கைக்குழந்தையாக இருந்தபோது இறந்துவிட்டார் என்றும், அவர் முகம் எப்படி இருக்கும் என்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த முகம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், பெயரில்லாமல், நான்கு கல் தொலைவில் இருந்திருக்கிறது. இன்று ஒன்பதில் ஏழு பெயர்கள் கிடைத்துள்ளன.

நாம் செய்யக்கூடியது

பயணமும் படமும் தமிழருக்குப் புதியன அல்ல. உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்று, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் திரட்டி, 1940-இல் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். அண்மைக் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு மின்படிகளாக்கிப் பாதுகாத்துள்ளது. நகரத்து ஸ்டூடியோக்களுக்கு அவ்வாறு ஒரு புகலிடம் கிடைத்தது. கிராமத்துப் பெட்டிகளில் கிடக்கும் படங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த நம் ஊர், 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகராயிற்று. மாவட்டம் புதிது, மக்கள் பழையவர்கள். அவர்களுடைய வரலாற்றைத் திரட்ட நம்மை விடத் தகுந்தவர் இல்லை. சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், இரிஷிவந்தியம், மலையூர்கள் என எல்லாத் திசையிலிருந்தும் நாம் இக்கல்லூரிக்கு வருகிறோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரு பழைய படத்தைக் கொணர்ந்து, உரியவர் இசைவோடு படி எடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஓராண்டில் சில நூறு படங்கள் சேரும். எங்கள் துறையில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் ஒதுக்கித் தருவதாகப் பேராசிரியர்கள் இசைந்துள்ளனர்.

செய்ய வேண்டியது ஒன்றே. படத்தில் இருப்பவரை அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே, அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மூன்று செய்திகளை எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது. பேனா மை ஊறி முன்பக்கம் வரும். ஆதலால் பென்சிலே நன்று. புதிதாக எடுக்கும் படத்தில் ஒரு படியை அச்சிட்டு, படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தேநீர் விலைதான்.